சாடிப்பாம்பு

என் மகள் கதை எழுதுவாள். சாமிக் கதை இல்லை, ராஜா ராணிக் கதையும் இல்லை. அவளாக உண்டாக்கினது. ஒரு பாம்பு. அதுக்குக் கால் உண்டு, மீசை உண்டு, வாயில் புகை உண்டு. அந்தப் பாம்பு செய்த வேலைகளையும் அது போன ஊர்களையும் கதை கதையாக எழுதினாள். எல்லாத்தையும் சேர்த்துக் கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தாள். பார்க்கப் புத்தகம் மாதிரி இருக்கும்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். பஞ்சாயத்தில் குடிதண்ணீர் மோட்டார் ஓட்டுகிற வேலை. சேரன்மகாதேவிக்கு மேற்கே ஆற்றுக்கரையில் மோட்டார் ரூம். ஆற்றுக்குள்ளே உறைகிணறு. கிணற்றுத் தண்ணியை இழுத்து ஊர் டேங்கில் ஏற்ற வேண்டும். கரண்ட் வந்தால் மோட்டார் ஓடும். கரண்ட் போனால் சும்மா உட்கார்ந்திருப்பேன். வேலை அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் விட்டதும் அவள் அங்கே வந்துவிடுவாள். வீட்டில் அவள் அம்மா பீடி சுற்றுவாள். பக்கத்துப் பெண்களும் முறத்தோடு வந்து உட்கார்வார்கள். ரேடியோ பாடும். பேச்சு ஓயாது. மோட்டார் சத்தத்தில்தான் எழுத வருகிறது என்பாள். அந்தச் சத்தத்தில் வேறு யார் பேச்சும் காதில் விழாதாம்.

அந்தப் பாம்பு வந்த வழியைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனையில் ஒரு அண்ணாச்சி கடை. கடைக்குள்ளே அரை ஆள் உயரத்துக்கு ஒரு சாடி. காப்பி நிறம். அதில் உப்பு நார்த்தங்காய் கிடக்கும். சாடி மேலே மண்ணிலேயே செய்த ஒரு பாம்பு சுற்றி வளைந்து கிடக்கும். அதுக்கு நாலு கால், மீசை, முழித்த கண். அவள் அப்போது மூன்றாம் வகுப்போ நாலாம் வகுப்போ. என் கூடக் கடைக்கு வந்தவள் சாடி முன்னால் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, இது என்னது?"

"ஏட்டி, அது சீனாக்காரன் பாம்பு. எங்க தாத்தா ரங்கூன்ல இருந்து கொண்டாந்த சாடி."

"பாம்புக்குக் காலு எதுக்கு?"

"கப்பல்ல ஏறணும்லா?"

"ஏன் மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கு?"

"வரும்போது நல்லாத்தான் இருந்துச்சு. உள்ள நார்த்தங்காயப் போட்டேன், இப்பிடி ஆயிட்டு."

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. உப்புக்குள்ளே கிடந்தால் அதுக்குத் தாகமாக இருக்காதா என்று கேட்டாள். அண்ணாச்சி என்னைப் பார்த்து, "உம்ம மவ பெரிய வக்கீலா வருவாவே" என்றார்.

அதுதான் அவளுடைய முதல் கதை. அதில் பாம்பு கிடப்பது சாடிக்கு உள்ளே. ஒருநாள் அண்ணாச்சி சாடியை மூட மறந்துவிட்டார். பாம்பு வெளியே வந்துவிட்டது. உடம்பெல்லாம் உப்பு ஊறிக் கிடந்ததால் அதுக்குத் தீராத தாகம். ஆற்றில் வாயை வைத்தது. பாபநாசத்தில் இருந்து திருச்செந்தூர் வரைக்கும் ஒரே உறிஞ்சு. ஆறு மணலாகிவிட்டது. சனங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அழுதார்கள். பாம்புக்கு வெட்கமாகிப் போயிற்று. மலையில் ஏறி ஒளிந்துகொண்டு அழுதது. அந்தக் கண்ணீர் இறங்கி வந்தது. அதைத்தான் நாம் குடிக்கிறோம். அதனால்தான் நம் ஆற்றுத் தண்ணிக்கு ருசி என்று முடித்திருந்தாள்.

அதுக்குச் சாடிப்பாம்பு என்று பேர் வைத்தாள். எங்கள் பக்கம் குதிக்கிறதைச் சாடுகிறது என்போம். சாடிக்குள் இருந்ததாலும் சாடிப்பாம்பு, வெளியே சாடி வந்ததாலும் சாடிப்பாம்பு.

"நான் உண்டாக்கலப்பா. அந்தச் சொல்லு அங்கனயே கெடந்துச்சு" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் டீச்சருக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை. டிராகன் என்று எழுது, இல்லையென்றால் பறவை நாகம் என்று எழுது என்றார்களாம். இவள் மாற்றவில்லை. டீச்சர் சொல்கிற பாம்பு வேறு, அது பறக்கும். தன்னுடையது பறக்காது, சாடும் என்றாள். ஆற்றைத் தாண்டும்போதும் சாடும். பனையைத் தாண்டும்போதும் சாடும். எந்தக் கதையிலும் அது தாண்டியது என்று எழுதமாட்டாள். சாடியது என்றுதான் எழுதுவாள்.

அதுக்குப் பிறகு வருசத்துக்கு ஒன்றிரண்டாக எழுதினாள். ஒரு கதையில் ஆற்றுக்கு அடியில் ஒரு ஊர் இருக்கும். குளிக்கிறவர்கள் தொலைத்த சாமான் எல்லாம் அங்கே போய்ச் சேரும். ஒற்றைக் கொலுசு, சோப்பு டப்பா, பித்தளைச் செம்பு, மோதிரம். அந்த ஊருக்கு ராஜா ஒரு பல்செட்டு. யாரோ ஒரு பெரியவர் வாய் கொப்பளிக்கும்போது ஆற்றில் விட்டது. பேசத் தெரிந்தது அது ஒன்றுதானாம், அதனால் அதை ராஜாவாக்கிவிட்டார்களாம். அந்தக் கதையைக் கேட்டு நான் சிரித்தேன். வேலை நேரத்தில் நான் சிரித்துப் பார்த்ததில்லை என்றாள்.

இன்னொன்றில் சாடிப்பாம்பு ரைஸ் மில்லில் போய்ப் படுத்துக்கொள்ளும். உமிச்சூட்டில் அதுக்குக் குளிர்காய்ச்சல் விட்டுப்போகும். இன்னொன்றில் என் மோட்டாரைப் பார்த்துத் தன் தம்பி என்று நினைத்துக்கொள்ளும். அதுக்குக் காரணம் உண்டு. கிணற்றில் தண்ணி கீழே இறங்கினால் மோட்டார் வெறுமனே சுற்றும், இழுக்காது. முதலில் நாம் வாளியில் தண்ணி கொண்டுவந்து அதன் வாயில் ஊற்ற வேண்டும். வயிறு நிறைந்தால்தான் அது இழுக்கும். அதை அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். "இதுக்கும் தாகந்தான்" என்பாள்.

எழுதி முடித்ததும் எனக்கு வாசித்துக் காட்டுவாள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். அவள் கத்தி வாசிப்பாள். பாதி கேட்கும், பாதி கேட்காது. எல்லாத்துக்கும் தலையாட்டுவேன்.

அவளுக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்து தங்கவில்லை. இவள் ஒருத்திதான்.

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளைக்காய்ச்சல் என்றார்கள். நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். போகும்போதே அவளுக்கு நினைவு இல்லை. அதுக்குப் பிறகு வரவும் இல்லை. திரும்ப வரும்போது வேனில் கொண்டுவந்தோம். அதுக்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கம் கல்யாணம் ஆகாத பெண்பிள்ளை செத்தால் அவளைக் கன்னி என்று கும்பிடுவார்கள். வீட்டுத் தெய்வம் ஆகிவிடுவாள். ஒரு புது ஓலைப்பெட்டி வாங்கி, அதில் பாவாடை சட்டை, ரிப்பன், கண்ணாடி வளையல், சீப்பு, பவுடர் எல்லாம் வைத்து மூடி, வீட்டுக்குள் உயரத்தில் வைப்பார்கள். வருசத்துக்கு ஒருநாள், தை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை இறக்கித் திறப்பார்கள். புதுத்துணி வைத்து மறுபடி மூடுவார்கள். மற்ற நாளில் யாரும் தொடக்கூடாது. உள்ளே இருக்கிறது அவள் பொருள்.

என் அக்கா பக்கத்துத் தெருவில் இருந்தாள். அவள்தான் வந்து சொன்னாள். வருகிற தை மாசம் பெட்டி வைத்துவிட வேண்டும், பிள்ளை அலையக் கூடாது என்றாள். என் வீட்டுக்காரி சரி என்றாள். என்னென்ன வைக்க வேண்டும் என்று ரெண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். கடைசியில் என் வீட்டுக்காரி, "அவ எழுதுன பேப்பரு எல்லாம் அதுலதான் வைக்கணும்" என்றாள்.

"அது வெளியே இருக்கட்டும். நான் இன்னும் படிக்கல" என்றேன்.

"அவ வாசிக்க வாசிக்கக் கேட்டிய இல்லா?"

"மோட்டார் சத்தத்துல பாதிதான் கேட்டுச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம், "தைக்குள்ள படிச்சிருங்க" என்றாள்.

அந்தப் புத்தகத்தை மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோனேன். ஒரு பக்கம் படிக்க எனக்கு நெடுநேரம் ஆகும். அவள் கையெழுத்து சின்னது. முதலில் வாய்க்குள் கூட்டிப் பார்ப்பேன், பிறகு சத்தமாகச் சொல்வேன். கேட்காமல் போன பாதி அப்படித்தான் கிடைத்தது. அதில் நான் வருகிறேன் என்பது அப்போதுதான் தெரியும். சாடிப்பாம்பு வழி கேட்க வரும்போதெல்லாம் ஒரு ஆள் வாளியோடு நிற்பான். அதிகம் பேசமாட்டான். குடிக்கத் தண்ணி கொடுத்துக் கிழக்கே கை காட்டுவான்.

கடைசிக் கதை மட்டும் அவள் எனக்கு வாசித்துக் காட்டாதது. சாடிப்பாம்புக்கு வயசாகிவிடுகிறது. சீனாவுக்குத் திரும்பிப் போக ஆசைப்படுகிறது. ஆற்றோடு கிழக்கே வந்து, கடைசியில் திருச்செந்தூர்க் கடற்கரையில் போய் நிற்கிறது. கோயிலுக்கு வந்தவர்கள் அதன்மேல் சாய்ந்துகொண்டு முறுக்குத் தின்கிறார்கள். ஏதோ பாறை என்று நினைத்துக்கொண்டார்கள். ஆனால் அதனால் கடலில் இறங்க முடியவில்லை. கடல் முழுக்க உப்பு. உப்புப் பட்டால் அதுக்குத் தாகம் வந்துவிடும். தாகம் வந்தால் கடலைக் குடித்துவிடும். கடலைக் குடித்துவிட்டால் மீன்பிடிக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைக்கிறது. அப்படியே நிற்கிறது. அப்போது அலை வந்து அதன் காலைத் தொட்டு, "நீ" என்று கேட்கத் தொடங்குகிறது.

"நீ" என்பதோடு நிற்கிறது. அதுக்குப் பிறகு வெறும் தாள்.

நான் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நீ யாரு என்று கேட்டிருக்கும். நீ எங்கே போகணும் என்று கேட்டிருக்கும். நீ ஏறிக்கோ, நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றுகூடச் சொல்லியிருக்கும். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் கூடப் படித்த பிள்ளையிடம் கேட்டேன். "எங்கிட்ட சொல்லல மாமா. முடிச்ச பொறவுதான் சொல்லுவா" என்றது. டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த அம்மா வாசித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் வேணா முடிச்சு எழுதித் தரட்டுமா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். அவர்கள் எழுதினால் அது பறக்கும்.

தை வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை உச்சிவேளைக்குச் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. வீட்டைக் கழுவி, ஒரு மூலையில் விளக்கேற்றி, பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். பொங்கல், முறுக்கு, கருப்பட்டி மிட்டாய். பெண்கள் குலவை போட்டார்கள். மூன்றாம் குலவைக்கு அக்காவுக்கு அருள் வந்துவிட்டது. முடியை விரித்துப்போட்டு ஆடினாள். எங்கள் வீட்டில் அக்காவுக்குத்தான் வரும்.

"வந்திருக்கது யாரு தாயி?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"நாந்தான். இந்த வீட்டுப் பிள்ள."

என் வீட்டுக்காரி அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "என்ன வேணும் சொல்லு, என் ராசாத்தி."

"பச்சைப் பாவாட."

"ஐயோ, செவப்புல்லா எடுத்திருக்கேன்!"

"அடுத்த வருசம் வையி."

"வைக்கேன் தாயி, வைக்கேன்."

எல்லாரும் அழுதார்கள். இன்னும் யாராவது எதாவது கேட்கணுமா என்று கிழவி சுற்றிப் பார்த்தாள். நான் முன்னால் போனேன். அக்கா கண் மூடியிருந்தது. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அது அக்கா இல்லை என்று நான் நம்பினேன். நம்பித்தான் கேட்டேன்.

"சாடிப்பாம்பு என்ன ஆச்சு?"

அக்கா வீட்டுக்கார அத்தான் பின்னால் இருந்து, "என்னவே கேக்கீரு? பாம்பா? நோய் நொடி வராம இருக்குமான்னு கேளும்" என்றார்.

"கடக்கரையில நிக்குல்லா, அந்தப் பாம்பு. அல அதுகிட்ட என்ன கேட்டுச்சு?"

"நான் நல்லா இருக்கேன்" என்றாள்.

"சரிம்மா. அது கடல்ல எறங்குச்சா, இல்லையா?"

"மச்சான், சாமியப் போட்டு இப்பிடி நோண்டாதீரும்வே. கோவப்படப் போவுது" என்றார் அத்தான். யாரோ ஒருத்தர் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்.

அக்கா ஆட்டத்தை நிறுத்தினாள். நெற்றியைச் சுருக்கினாள். எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. பிறகு என் தலையில் கையை வைத்தாள்.

"தாண்டிட்டு. கடலத் தாண்டிட்டு. போ" என்றாள்.

எல்லாரும் குலவை போட்டார்கள். அத்தான், "கேட்டீரா? தாண்டிட்டாம். இப்ப திருப்தியா?" என்றார்.

தாண்டிட்டு என்றுதான் சொன்னாள். சாடிட்டு என்று சொல்லவில்லை.

நான் திருநீறு வாங்கிக்கொண்டு பின்னால் வந்துவிட்டேன்.

பெட்டியை மூடும் முன்னால் ஒவ்வொருத்தரும் கொண்டுவந்ததை வைத்தார்கள். நான் அந்தப் புத்தகத்தைப் பாவாடைமேல் வைத்தேன். கதை நின்ற தாள் மேலே தெரியும்படி பிரித்து வைத்தேன். அதன்மேல் ஒரு மைப் பேனா வைத்தேன். மை ஊற்றித்தான் வைத்தேன்.

"பேனா எதுக்குவே? அங்க போயி பரிச்ச எழுதவா?" என்றார் அத்தான்.

"இருக்கட்டும்" என்றேன்.

என் வீட்டுக்காரி பேனாவைப் பார்த்தாள். பெட்டியை மூடிக் கட்டினாள். நான் ஏணி போட்டு உத்திரத்துப் பக்கம் ஏற்றி வைத்தேன்.

மறுநாள் மதியம் அக்கா மோட்டார் ரூமுக்குச் சோறு கொண்டுவந்தாள். கரண்ட் இல்லை. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எலே தம்பி. நேத்து எங்கிட்ட என்னமோ கேட்டியாமே?"

"ஆமா."

"எனக்கு ஒண்ணும் ஓர்மையில்ல பாத்துக்கோ. நான் என்ன சொன்னேன்?"

"தாண்டிட்டுன்னு சொன்னே."

"நல்லதுதான?"

அவள் முகத்தைப் பார்த்தேன். பிள்ளை கைக்குழந்தையாக இருக்கையில் என் வீட்டுக்காரிக்கு மஞ்சள்காமாலை வந்தது. அப்போது தன் இடுப்பிலேயே வைத்து வளர்த்தவள் அக்கா.

"நல்லதுதான்" என்றேன்.

அவள் தூக்குவாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச தூரம் போய் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு நடந்தாள்.

அந்த வருசம் கோடையில் ஆறு ரொம்பக் கீழே போயிற்று. வாளி வாளியாக ஊற்றித்தான் மோட்டாரை ஓட்டினேன். வீட்டுக்கு வந்தால் பெட்டி இருக்கிற பக்கம் பார்க்காமல் படுத்துக்கொள்வேன். ஏணி கொல்லையில்தான் கிடந்தது. எடுத்துப் போட்டு ஏறிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? ஆனாலும் தொடவில்லை. ஒரு வருசம் என்பது அவளுக்குக் கொடுத்த நேரம் என்று நினைத்துக்கொண்டேன். அவளும் பைய எழுதுகிறவள்தான். ஒரு கதைக்கு மாசக்கணக்கில் ஆகும்.

நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அத்தான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அடுத்த தை வெள்ளிக்கிழமை. அக்கா வீட்டில் இருந்து இன்னும் ஆட்கள் வரவில்லை. என் வீட்டுக்காரி பச்சைப் பாவாடை எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். நான் பெட்டியை இறக்கினேன். அவள் கட்டை அவிழ்த்தாள். ஓலை வாசமும் பவுடர் வாசமும் வந்தது. ஒரு பாச்சை ஓடியது.

நான் பாவாடையைத் தொடவில்லை. முதலில் புத்தகத்தைத்தான் எடுத்தேன். சன்னல் பக்கம் கொண்டுபோய் அந்தத் தாளைப் பார்த்தேன். ஓரத்தில் பூச்சி அரித்திருந்தது. அலை, காலைத் தொட்டு, நீ. அதுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்னாலும் இல்லை.

என் வீட்டுக்காரி பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. தாளையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"எழுதியிருக்காளா?" என்று கேட்டாள்.

அவளும் ஒரு வருசமாகக் காத்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இல்ல" என்றேன்.

அவள் பெட்டிக்குள் கையை விட்டுப் பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றி உள்ளங்கையில் கிழித்துப் பார்த்தாள். கோடு விழவில்லை. இன்னொரு தடவை அழுத்திக் கிழித்தாள்.

"மை காஞ்சு போயிருக்கு. இத வச்சு எப்பிடி எழுதுவா?"

நான் புத்தகத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன்.

"ரீபில் பேனா வாங்கிட்டு வாங்க. அது காயாது. ஆளுக வாரதுக்குள்ள போங்க" என்றாள்.

செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.